கம்போடியாவில் என்ன இருக்கிறது?

கம்போடியாவுக்குப் போகலாம் என்று நான் முதன்முதலில் சொன்னபோது என் கணவர் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டெல்லியில் அப்போது கடுங்குளிர். மூடுபனியால் எந்தெந்த ரயில் தாமதம் என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலே, "அங்கன என்ன இருக்கு?" என்று கேட்டார்.

இதே கேள்வியை அடுத்த ஒன்றரை வருடத்தில் என்னிடம் கேட்காதவர்கள் கிடையாது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் ஆர்.கே. புரத்தில் ஓர் அமைச்சக அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். மோதி பாக்கில் என் பெயருக்கு ஒதுக்கிய அரசுக் குடியிருப்பில், முதல் மாடியில் வீடு. ஒரே மகள், அப்போது பதினொன்றாம் வகுப்பு. கோடை விடுமுறை என்றால் ரயிலேறி ஊருக்குப் போவோம். அங்கே யாராவது ஒருவர் வீட்டில் கல்யாணம் இருக்கும், ஒரு காதுகுத்து இருக்கும். பட்டுப்புடவையில் வியர்த்து ஊற்றிவிட்டுத் திரும்ப ரயிலேறுவோம். இருபது வருடமாக நாங்கள் போன பயணம் எல்லாம் அதுதான். ஒரு தடவையாவது எந்தக் கல்யாணமும் இல்லாத ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

ஏன் கம்போடியா என்றால், டிவியில் அங்கோர் கோயிலைப் பற்றி ஒரு படம் காட்டினார்கள். பாற்கடலைக் கடைகிற காட்சியை ஒரு சுவர் நெடுகச் செதுக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் அசுரர்கள், அந்தப் பக்கம் தேவர்கள், நடுவில் பாம்பு. கேமரா நகர்ந்துகொண்டே இருக்கிறது, சுவர் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்திருந்தால் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"எல்லாரும் சிங்கப்பூர் போறாங்க. நாமளும் சிங்கப்பூர் போயிட்டு வருவோம். இட்லி கெடைக்கும்," என்றார் என் கணவர்.

"இட்லி திங்கதுக்கா ஃப்ளைட் ஏறணும்? ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல மாவே விக்கான்."

"சரி, நீ பாத்துச் சொல்லு. ரொம்ப இழுத்துவிட்டுராத." பணத்தை இழுத்துவிடாதே என்று அர்த்தம். அதோடு அவருடைய பங்கு முடிந்தது. மீதியெல்லாம் என் தலையில்.

தரியாகஞ்சில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் போடும் பழைய புத்தகக் கடைகளில் தேடி ஒரு பயண வழிகாட்டி வாங்கினேன். அது பல வருடம் பழையது. கண்ணிவெடிகளைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. பேருந்துகளைப் பற்றி ஒன்றுமே இல்லை. மறுநாள் நான் சமையலறையில் இருந்தபோது என் கணவர் அதை எடுத்துப் புரட்டியிருக்கிறார். அந்த முழுப் புத்தகத்தில் அவர் படித்தது அந்த இரண்டு பக்கம்தான்.

"வெடிக்குமாமே?"

"காட்டுக்குள்ள போனா. நாம காட்டுக்குள்ள போவல."

"பாதை விட்டு எறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கான். உனக்கு ரோட்டைப் பாத்து நடக்கவே தெரியாது."

சரோஜினி நகரில் ஒரு சைபர் கஃபே இருந்தது. சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு வீட்டு வேலையை முடித்துவிடலாம், அவ்வளவு வேகம். பக்கம் திறந்தாலும் எனக்குத் தேவையானது அதில் இருக்காது. எழுதியவர்கள் எல்லோரும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள். தாய்லாந்து எல்லையிலிருந்து லாரியின் பின்பக்கம் ஏறி, ஒரு பகல் முழுக்கக் குழிகளில் குதித்துக்கொண்டு போனதை ஏதோ வரம் கிடைத்தது மாதிரி எழுதியிருந்தார்கள். கழிப்பறை எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. முட்டிவலி உள்ள ஒரு மனிதரை அந்த லாரியில் எப்படி ஏற்றுவது என்றும் எழுதவில்லை. நாங்கள் சைவம். மீன் விழாத குழம்பு அந்த ஊரில் கிடைக்குமா என்றும் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

"அம்மா, ஜல்தி பண்ணு. ஒரு மணி நேரம் முடியப் போகுது," என்பாள் மகள். "சிங்கப்பூர்னா எல்லாம் ரெடிமேடா இருக்கு. தேக்கோ, இங்க பாரு, ஹோட்டல் போட்டோகூட இருக்கு."

அங்கோருக்குப் பக்கத்து ஊர் சியம் ரீப். அங்கே ஒரு விடுதியின் முகவரியைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகிய கை. வரிசையாகக் கேட்டிருந்தேன்: மூன்று பேருக்கு ஓர் அறை கிடைக்குமா, சைவச் சாப்பாடு உண்டா, அறை தெருப் பக்கமா பின்பக்கமா, கோயில்களுக்கு வண்டி நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா அல்லது நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமா. அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. 'ஆமாம் மேடம். எல்லாவற்றுக்கும் ஆமாம்.'

மகள் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனி மின்னஞ்சலாக அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

நேரில் கேட்டால் தெளிவாகத் தெரியும் என்று பயண ஏஜென்ட்களிடம் போனேன். கரோல் பாக்கில் ஒரு மாடி அறை. உள்ளே போனதுமே ஜில்லென்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். இடத்தைச் சொன்னதும் அந்த மனிதர் இந்தியில், "கொலம்பியாவா மேடம்ஜி? அது ரொம்பத் தூரம்," என்றார்.

"கம்போடியா."

"அச்சா, கம்போடியா. அங்கே யாரும் போறதில்லையே. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, மூணும் சேர்த்து நல்ல பேக்கேஜ் இருக்கு. நம்ம சமையல்காரரே கூட வருவார். தால், சப்ஜி எல்லாம் கிடைக்கும்."

"எனக்குத் தாய்லாந்துல வேலையில்ல பாய்சாப். பேங்காக்ல விமானம் மாறணும், அவ்வளவுதான். அதுக்கு விசா வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

வேண்டாம் என்றார். கன்னாட் பிளேஸில் இன்னொருவர் கண்டிப்பாக வேண்டும் என்றார். என் அலுவலகத்தில் ஒருவருடைய மச்சினர் விமான நிலையத்தில் வேலை பார்த்தார். அவரைக் கேட்டதில், இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் வேண்டாம், தனித்தனியாக வாங்கினால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், அதனால் வேண்டும் என்றார். ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம் என்றால் அது எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. பேங்காக்கிலிருந்து சியம் ரீப் போகிற சின்ன விமானத்துக்கு மட்டும், டெல்லியிலிருந்து பேங்காக் வருகிற தூரத்துக்கான பணத்தைக் கேட்டார்கள். ஆகவே தலைநகர் நோம்பென் வரை விமானம், அங்கிருந்து படகா பேருந்தா என்று பார்க்க வேண்டும். படகு ஏரி வழியாகப் போகுமாம். எந்த மாதத்தில் தண்ணீர் குறைந்து தரை தட்டும் என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதம் போட்டிருந்தது. மே மாதம் மகளுக்கு விடுமுறை. மே மாதத்தில் தண்ணீர் இருக்குமா என்று டெல்லியில் யாரைக் கேட்பது? பேருந்து என்று முடிவு செய்தேன்.

இப்படி ஒன்றை இழுத்தால் மற்றொன்று அவிழ்ந்துகொண்டே இருந்தது. கணவருக்கும் மகளுக்கும் சமாதானமாகப் பேங்காக்கில் ஒரு நாள் கடைத்தெருவுக்கு ஒதுக்கினேன். அந்த ஒரு நாளால் விசா வேண்டும் என்பது உறுதியாயிற்று, கோயில் ஒரு நாள் குறைந்தது. அதைச் சரிக்கட்ட விடியற்காலை விமானம் பார்த்தேன். கணவர் விடியற்காலை விமானம் என்றால் ராத்திரி தூக்கம் போய்விடும் என்றார். மறுபடி முதலிலிருந்து.

அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். அரசு ஊழியர் சொந்த வேலையாக வெளிநாடு போவதாக இருந்தால் எங்கே, எதற்கு, யார் செலவில் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எதற்கு என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று எழுதினேன். காகிதம் திரும்பி வந்தது. நிர்வாகப் பிரிவு அதிகாரி கூப்பிட்டு விட்டார்.

"கம்போடியாவில் உங்களுக்கு உறவினர் யாராவது?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை சார்."

"பிறகு ஏன் கம்போடியா?"

"கோயில் பார்க்க சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அதை எழுத வேண்டியதுதானே? தீர்த்த யாத்திரை என்று போடுங்கள்."

யாத்திரை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். யாத்திரை என்றே எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் மார்ச் முடியும் வரை கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போக வேண்டியதாயிற்று. வருடக் கணக்கு முடிக்கிற நேரம், யாரையும் அவசரப்படுத்த முடியாது. அனுமதி கைக்கு வந்த அன்று டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டினேன்.

அந்த வாரமே டிவியில் சார்ஸ், சார்ஸ் என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஹாங்காங்கில் முகமூடி, சிங்கப்பூரில் முகமூடி, விமான நிலையங்களில் காய்ச்சல் சோதனை. என் கணவர் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"கம்போடியாவுல வந்ததா ஒரு செய்தியும் இல்லயே," என்றேன்.

"பேங்காக் வழியாத்தானே போகணும்? ஏர்போர்ட்டுல எவன் எங்கருந்து வாரான்னு உனக்குத் தெரியுமா?"

"நீங்க சொன்ன சிங்கப்பூருக்குப் போயிருந்தா?"

"அதான் எங்கயும் போவ வேண்டாம்னு சொல்லுதேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. டிக்கெட்டை ரத்து செய்தோம். முன்பணத்தில் ஒரு பகுதி போயிற்று. அந்த மே மாதமும் ஊருக்குத்தான் போனோம். ஒரு கல்யாணம் இருந்தது.

அக்டோபரில் பார்க்கலாம் என்றால் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். போர்டு பரீட்சை முடியும் வரை வீட்டில் டிவி கேபிளைக்கூட எடுத்துவிட்டோம். வெளிநாடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேல் மாடிப் பெண் வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். அவள் கணவர் வேறொரு அமைச்சகத்தில் அதிகாரி. அவர்களும் எங்கேயாவது போக வேண்டும் என்று நினைக்கிறார்களாம்.

"அக்கா, நீங்க என்னமோ பிளான் போட்டு வெச்சிருந்தீங்களாமா? கொஞ்சம் குடுங்களேன், பாத்துட்டுக் குடுத்தர்றனுங்க," என்றாள்.

நான் என்ன நினைத்தேன் என்றால், பார்த்துவிட்டு, கம்போடியாவில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருப்பித் தருவாள் என்று. கொடுத்தேன். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்தக் கோயிலுக்குக் காலையில் வெயில் படும், எதற்கு மாலையில் படும், நுழைவுச் சீட்டு வாங்க எத்தனை போட்டோ வேண்டும், எல்லாம் நான் எழுதி வைத்திருந்த அந்தக் காகிதத்தில் இருந்தது. அவள் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தாள். தீபாவளியை ஒட்டி, அவர்கள் இருவரும் போயே விட்டார்கள்.

வீட்டுச் சாவியை எங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற. தினமும் மாடியேறிப் போய் ஊற்றினேன். இன்று அவர்கள் பேருந்தில் இருப்பார்கள், இன்று அந்தப் பெரிய கோயில், இன்று மலைமேல் ஏறி அஸ்தமனம் பார்ப்பார்கள் என்று எனக்கு மணி உட்படத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் தேவலை.

திரும்பி வந்த மறுநாள் ஆல்பத்தோடு வந்தாள். ஒவ்வொரு போட்டோவிலும் அவர்கள் இரண்டு பேரும் நடுவில் நின்றார்கள். பாற்கடல் சுவரைக் காட்டு என்றேன். அதன் முன்னாலும் நின்றுகொண்டிருந்தார்கள். மத்து இருக்கும் இடத்தில் அவள் கணவரின் தொப்பி.

"எல்லாம் சூப்பருங்க அக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்டிருந்த அந்த லாட்ஜு சரியில்லைங்க. ராத்திரி பூரா நாய் கொலைக்குது. அப்பறம் அந்த பஸ்ஸு, நீங்க எழுதின நேரத்தைவிட ரொம்ப லேட்டாப் போச்சு. அவரு ஒரே திட்டு. யாரு போட்ட பிளான் இதுன்னு."

"யார் போட்டதுன்னு சொன்னே?"

"உங்க பேரச் சொல்லுவனா அக்கா? ஏஜென்ட்டுன்னு சொல்லிட்டேன்."

என் கணவர் உள்ளறையில் இருமுவது கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும்.

"அந்தச் சிவப்புக் கல் கோயில்? ஊருக்கு வெளியில, தூரமா இருக்கே?" என்று கேட்டேன்.

"அதுக்குப் போகலீங்க. ரோடு மோசம்னாங்க. நாலு கோயில் பாத்தா எல்லாம் ஒண்ணுதானுங்களே."

அவள் போன பிறகு வெகுநேரம் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த விடுதியை அடித்துவிட்டு, பேருந்து நேரத்துக்கு மேலே இரண்டு மணி நேரம் கூட்டினேன். கோபம் வேறு, தகவல் வேறு.

மறு வருடம் மகளின் பரீட்சைகளும் நுழைவுத் தேர்வுகளும் முடிந்த பிறகு ஜூனில் போனோம். பழைய அனுமதி காலாவதியாகிவிட்டதால் மறுபடியும் யாத்திரை என்று எழுதிக் கொடுத்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வாங்கி, ஒரு சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். ஜூனில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிடும். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் காலையிலேயே பெரும்பகுதியை முடித்துவிடுகிற மாதிரி மூன்றாவது தடவையாகத் திட்டத்தை மாற்றியிருந்தேன்.

போய்ச் சேர்ந்தோம். அதுவே எனக்கு நம்ப முடியவில்லை. ஆனால் வேண்டாம் வேண்டாம் என்ற மனிதர், வந்த இடத்தில் அசைய மாட்டேன் என்றார். பாற்கடல் சுவரின் முன்னால் அசுரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களை ஏற்றி வந்த ஓட்டுநரோடு கைஜாடையில் நெல் விளைச்சலைப் பற்றிப் பேசினார். ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். மகளுக்கு மறுநாளே அலுத்துவிட்டது. "அம்மா, ஸப் சேம் லக் ரஹா ஹை," எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று இளநீர் விற்கிற இடத்திலேயே நின்றுவிடுவாள். ஒருவரை எழுப்பி, இன்னொருவரை இழுத்து, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, சிவப்புக் கல் கோயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், விடுதி வாசலில் அவர் இரண்டாவது காபி கேட்டார்.

"கிளம்பணும். இப்பக் கிளம்பினாத்தான் மழைக்கு முன்ன போக முடியும்," என்றேன்.

"அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் உள்ள வையி. வந்த எடத்துல நிம்மதியா இருப்போம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் காகிதம் இல்லன்னா நீங்க இப்ப ஊர்ல எவன் வீட்டுக் கல்யாணத்துலயாவது மொய் எழுதிட்டு இருப்பீங்க. நிம்மதியா இருங்க. நானும் பிள்ளையும் போறோம்."

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநருக்கு எங்கள் பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. என் கணவருக்காக வண்டியைக் கிளப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார். என் கணவர் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்து ஏறினார். சாலை மேல் மாடிப் பெண் சொன்ன அளவுக்கு மோசமில்லை, ஆனால் நல்லதும் இல்லை. செம்மண் பறந்து மூன்று பேர் தலையும் ஒரே நிறமாகிவிட்டது.

நாங்கள் போனபோது அங்கே கூட்டமே இல்லை. மிகச் சின்னக் கோயில். வாசல்களில் குனிந்துதான் பார்க்க வேண்டும். கல்லில் செதுக்கியது என்று சொல்ல முடியாதபடி மரவேலை மாதிரி இருந்தது. கைலாயத்தை ராவணன் தூக்குகிற இடத்தில் என் மகள், நான் கூப்பிடாமலே, வந்து நின்றாள். அவனுடைய தலைகளை விரலால் எண்ணிப் பார்த்தாள். "அப்பா, இங்க வாங்க," என்று அவளே கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார். எனக்குப் பக்கத்தில் நின்றார். மன்னிப்பு என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. "இதை அவங்க பாக்கலயாமா, மேல் வீட்டுக்காரங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல. ரோடு மோசம்னு விட்டுட்டாங்க."

"சரிதான்," என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், மத்தியானம்கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. நான் படித்த எந்த இடத்திலும் காலையில் மழை பெய்யும் என்று எழுதியிருக்கவில்லை. ஒதுங்கி நிற்க ஒரு வாசல்கூட எங்கள் மூன்று பேருக்குப் போதவில்லை. நனைந்துகொண்டே வண்டிக்கு ஓடினோம். செம்மண் தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அன்று மத்தியானத்துக்கு என்று நான் எழுதி வைத்திருந்த இரண்டு கோயில்களையும் பார்க்க முடியாமலே போயிற்று.